பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ் பாத்தாச்சு, இனி மங்காவுக்குப் போறது எப்படி? இங்கிலீஷ் பதிப்பைத் தேடிப் பிடிச்சுப் படிக்க முழுமையான வழிகாட்டி

புதுயுகம் டிவி வந்த புதுசுல கொரியன் சீரியலை எல்லாம் தமிழ்ல டப் பண்ணி போட்டாங்க, ஞாபகம் இருக்கா? எங்க வீட்ல நானும் தங்கச்சியும் பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸை அப்படித்தான் பாத்தோம். கூ ஜூன் ப்யோ தமிழ்ல கத்த, கும் ஜான் டி தமிழ்லயே திருப்பிக் கத்த, நாங்க தட்டைக் கையில வெச்சுக்கிட்டு வாயைப் பொளந்து உக்காந்திருப்போம். இது கொரியாக்காரங்க எழுதின கதைன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தோம். அப்புறம்தான் தெரிஞ்சுது, அதுக்கு அடியில ஒரு ஜப்பான் மங்கா, அதாவது காமிக்ஸ் கதை இருக்கு, 36 வால்யூம், அது மொத்தமும் இங்கிலீஷ்லயும் வந்திருக்குன்னு.

அந்த மங்காவைத் தேடிப்போன வழியில நான் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். இந்த ஒரு கதையைப் பிடிச்சுக்கிட்டே போவோம், ஏன்னா சீரியல், மங்கா, தொடர்ச்சி, டப்பிங், சப்டைட்டில்னு எல்லா சிக்கலும் இதுலயே இருக்கு. இதுல வழி பழகிட்டா நீங்க அடுத்து எந்த சீரியலைப் பாத்தாலும் அதோட மூலக்கதையை நீங்களே தேடிப் போயிடலாம்.

முதல் வேலை: அசல் பேரைக் கண்டுபிடிக்கணும்

சீரியலோட இங்கிலீஷ் பேரை மட்டும் வெச்சுத் தேடாதீங்க. ஒரே கதை நாட்டுக்கு நாடு வேற பேர்ல ஓடும். நம்ம கதை தைவான்ல மீட்டியோர் கார்டன், கொரியாவுல பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ், ஜப்பான்ல ஹனா யோரி டாங்கோ. சீரியல் ஆரம்பத்துல பேரெல்லாம் ஓடும்ல, அங்க ஜப்பான்ல "கென்சாகு"ன்னும் கொரியாவுல "வொன்ஜாக்"னும் ஒரு வரி வரும். ரெண்டுமே "மூலக்கதை"ங்கிற ஒரே சொல்தான், உச்சரிப்புதான் வேற. படத்தை நிறுத்திட்டு போன் கேமராவுல மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து ஸ்கிரீன் மேல காட்டுங்க, மூலக்கதை யாரோடதுன்னு தெரிஞ்சிடும். இந்தக் கதைக்கு காமியோ யோகோன்னு வரும். 1992லேர்ந்து 2003 வரைக்கும் ஷூயேஷா கம்பெனியோட மார்கரெட் பத்திரிகையில தொடரா எழுதி வரைஞ்சவங்க அவங்க. 1996ல இதுக்கு ஷோகாகுகான் மங்கா விருது கிடைச்சுது.

அசல் பேர் கிடைச்சதும் அதுக்கு என்ன அர்த்தம்னு பாருங்க, இதைத் தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க. "ஹனா யோரி டாங்கோ"ங்கிறது ஜப்பான்ல ஒரு பழமொழி. ஹனான்னா பூ, டாங்கோன்னா அரிசி மாவுல உருட்டி அவிக்கிற உருண்டை, கிட்டத்தட்ட நம்ம பிடி கொழுக்கட்டைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. வசந்த காலத்துல செர்ரிப் பூ பாக்கன்னு கும்பலா போவாங்க, போனவங்க கண்ணெல்லாம் கூடையில இருக்கிற டாங்கோ மேலதான் இருக்கும், பூவை விட டாங்கோ. நம்ம ஊர்ல "அழகு சோறு போடுமா"ன்னு கேப்போம்ல, அதேதான். காமியோ யோகோ இதுல என்ன பண்ணாங்கன்னா, டாங்கோங்கிற சத்தத்தை அப்படியே வெச்சுக்கிட்டு எழுத்தை மட்டும் மாத்திட்டாங்க. சாதாரணமா "டான்ஷி"ன்னு படிக்கிற, பையன்கள்னு அர்த்தம் வர்ற எழுத்தைப் போட்டு "டாங்கோ"ன்னு படிக்க வெச்சாங்க. காதுல கேட்டா பூவை விட கொழுக்கட்டை, கண்ணால பாத்தா பூவை விட பையன்கள். இங்கிலீஷ் பேர் இதுல ரெண்டாவது பாதியை மட்டும்தான் கொண்டு வந்துச்சு, கொழுக்கட்டை வழியிலேயே விழுந்துடுச்சு. இப்படி எது வந்து சேந்துச்சு எது தவறிப் போச்சுன்னு பாக்கப் பழகிட்டா படிக்கிற சுகமே வேற.

ரெண்டாவது: குடும்ப மரம் வரைஞ்சுக்கோங்க

ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க, நெஜமாவே. மேல மங்கா, கீழ ஒவ்வொரு வடிவமும் எந்த வருஷம், எந்த நாடு. இந்தக் கதைக்கு அப்படிப் போட்டா, 1995ல ஜப்பான்ல ஒரு சினிமா, 1996ல டோயெய் எடுத்த அனிமே (ஜப்பான் கார்ட்டூன் தொடர்) 51 எபிசோட், 2001ல தைவான்ல மீட்டியோர் கார்டன், 2005லயும் 2007லயும் ஜப்பான்ல டிபிஎஸ் சேனல் எடுத்த ரெண்டு சீசன், 2008ல அதோட முடிவா ஒரு சினிமா, 2009ல கொரியாவுல கேபிஎஸ் எடுத்த 25 எபிசோட், 2018ல சீனாவுல புது மீட்டியோர் கார்டன் 49 எபிசோட், 2021 கடைசியில தாய்லாந்துல எஃப்4 தாய்லாந்து 16 எபிசோட் (எஃப்4ங்கிறது கதையில வர்ற நாலு பணக்காரப் பசங்களோட கூட்டம்). இதுல கவனிக்க வேண்டியது, ஜப்பான் கதையை நடிகர்களை வெச்சு முதல்ல டிவி சீரியலா எடுத்தது தைவான்தான், ஜப்பான் டிவி நாலு வருஷம் கழிச்சுத்தான் எடுத்துச்சு. அந்த தைவான் சீரியல் கிழக்காசியா முழுக்க எரிஞ்ச எரிப்புதான் பின்னாடி வந்த எல்லாத்துக்கும் விறகு.

மரம் போட்டதும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்து எல்லாக் கிளையிலயும் தேடிப் பாருங்க. நான் எடுத்தது கதாநாயகியோட பேர்.

மங்காவுல அவ பேர் மாகினோ ட்சுகுஷி. ட்சுகுஷிங்கிறது ஜப்பான்ல வசந்தத்துல வரப்பு ஓரம், வாய்க்கால் ஓரம்னு தானா முளைச்சு நிக்கிற ஒரு சின்னத் தண்டு, இலை கிடையாது, உச்சியில குட்டியா ஒரு கூம்பு மட்டும், யாரும் விதைக்கிறதும் இல்ல தண்ணி ஊத்துறதும் இல்ல, புடுங்கிப் போட்டாலும் அடியில வேர் ஓடிட்டே இருக்கும். அவளும் தன்னைக் களைன்னுதான் சொல்லிக்குவா, மிதிச்சாலும் எந்திரிக்கிற களை. தைவான்ல அவ பேர் ஷான் சாய். அந்த ரெண்டு சீன எழுத்தை ஜப்பான்காரங்க "சுகினா"ன்னு படிப்பாங்க, சுகினாங்கிறது ட்சுகுஷி முளைக்கிற அதே செடி! கொரியாவுல ஜான் டி, அப்படின்னா புல். தாய்லாந்துல கோர்யா, அதுவும் புல்லுதான். நாலு மொழி, நாலு டீம், பணக்காரப் பசங்க பேரை அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்தினாங்க, பள்ளிக்கூடத்தை காலேஜ் ஆக்கினாங்க, ஆனா இந்தப் பொண்ணு பேர்ல இருந்த புல்லை மட்டும் ஒருத்தரும் விடல. இது எனக்குத் தெரிஞ்ச அன்னிக்கு தங்கச்சிக்கு ராத்திரி 11 மணிக்கு போன் பண்ணி சொன்னேன், அவ அரைத் தூக்கத்துல "அருகம்புல்லு, அக்கா"ன்னா, அதை விடச் சரியா யாராலயும் சொல்ல முடியாது.

மூணாவது: இங்கிலீஷ் லைசென்ஸ் யார்கிட்ட?

இங்கதான் நெறைய பேர் தடுமாறுறாங்க. ஒரு ஜப்பான் மங்கா இங்கிலீஷ்ல வரணும்னா ஜப்பான் பதிப்பாளர்கிட்ட ஒரு இங்கிலீஷ் பதிப்பாளர் லைசென்ஸ் வாங்கணும். எந்த ஜப்பான் கம்பெனியோ அதை வெச்சே பாதி ஊகிச்சிடலாம். ஷூயேஷா, ஷோகாகுகான் ரெண்டோட கதைகளும் பெரும்பாலும் விஸ் மீடியாவுக்குப் போகும், ஏன்னா விஸ் அவங்களுக்கே சொந்தமான கம்பெனி, 1986லேர்ந்து சான்ஃபிரான்சிஸ்கோவுல இருக்கு. கோடான்ஷா கதைன்னா இப்போ கோடான்ஷாவோட அமெரிக்க கம்பெனியே போடுது. கடோகாவா கதைன்னா யென் பிரஸ் பக்கம் பாருங்க. செவன் சீஸ் எல்லா இடத்துலேர்ந்தும் எடுக்கும். இது சட்டம் இல்ல, விதிவிலக்கு நெறைய, ஆனா தேட ஆரம்பிக்கிறதுக்குப் போதும்.

மார்கரெட் பத்திரிகை ஷூயேஷாவோடது, அதனால நம்ம கதை விஸ்கிட்ட. 2003லேர்ந்து 2009 வரைக்கும் 36 வால்யூமும் போட்டு முடிச்சாங்க. ஆனா அச்சுப் புத்தகம் பழசாயிடுச்சு, கடையில புதுசா முழு செட் கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. பழைய புத்தகமா தேடினா ஆரம்ப வால்யூம் மலிவாவும் கடைசி வால்யூம் யானை விலையாவும் இருக்கும், ஏன்னா கடைசி வரை வாங்கினவங்க கம்மி. நீங்க சேகரிக்கிற ஆள் இல்லைன்னா டிஜிட்டல் எடிஷனுக்குப் போங்க, விஸ்ஸோட சொந்தத் தளத்துலயும் கிண்டில்லயும் தேடிப் பாருங்க, வாங்குறதுக்கு முன்னாடி இலவச சாம்பிளை இறக்கி எழுத்து உங்க போன்ல படிக்கிற அளவுக்கு இருக்கான்னு பாத்துக்கோங்க. சின்ன ஸ்கிரீன்ல மங்கா படிச்சா கண்ணு வலிக்கும், பழைய டேப்லெட் வீட்ல கிடந்தா தூசி தட்டி எடுங்க.

காகிதத்துல தான் வேணும்னா ஒரு எச்சரிக்கை. நான் முதல் தடவை ஒரு ஆன்லைன் கடையில வாங்கினப்போ லிஸ்டிங்ல பேர் இங்கிலீஷ்ல இருந்துச்சு, அட்டைப்படமும் இருந்துச்சு, பார்சலைப் பிரிச்சா உள்ள முழுக்க ஜப்பானிய மொழி. திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க, அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு. அதுக்கப்புறம் நான் ஐஎஸ்பிஎன், அதாவது பின்னட்டையில இருக்கிற புத்தக எண்ணைப் பாக்காம ஒரு புத்தகமும் வாங்குறதில்ல. 978க்கு அடுத்த எண்ணைப் பாருங்க. 4ன்னு இருந்தா ஜப்பான்ல போட்ட புத்தகம், 0 இல்ல 1ன்னு இருந்தா இங்கிலீஷ் பேசுற நாட்டுப் பதிப்பு. அவ்வளவுதான், அஞ்சு செகண்ட் வேலை, லிஸ்டிங்ல ஐஎஸ்பிஎன் போடலைன்னா விக்கிறவர்கிட்ட பின்னட்டைப் படம் கேளுங்க.

இன்னொண்ணு, வால்யூம் எண். சில கதைகளை ரெண்டு மூணு வால்யூமைச் சேத்து ஒரே தடிப் புத்தகமா போடுவாங்க, ஆம்னிபஸ்னு பேர். தனி வால்யூம் 4ம் ஆம்னிபஸ் 4ம் ஒண்ணு இல்ல. பாதி அதுல பாதி இதுலன்னு வாங்கினா நடுவுல கதை காணாமப் போகும், இல்லைன்னா ஒரே கதைக்கு ரெண்டு தடவை காசு கொடுப்பீங்க.

அப்புறம் "சீசன் 2". விஸ் டிஜிட்டல்ல பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ் சீசன் 2ன்னு ஒண்ணு இருக்கு, அதைப் பாத்துட்டு டோம்யோஜியோட (மங்காவுல கதாநாயகன், கொரியாவுல கூ ஜூன் ப்யோ) கல்யாணக் கதைன்னு நெனச்சு எடுக்காதீங்க. 2015லேர்ந்து 2019 வரை காமியோ யோகோவே எழுதின 15 வால்யூம் கதைதான், அதே எய்டோகு பள்ளிக்கூடம்தான், ஆனா எஃப்4 படிச்சு முடிச்சுப் போன பிறகு வர்ற வேற பசங்க, வேற பொண்ணு. ஜப்பான்ல 2018ல இதையும் சீரியலா எடுத்தாங்க. நல்ல கதை, முதல் 36ஐ முடிச்சுட்டு எடுங்க.

நாலாவது: முடிஞ்சிருக்கான்னு பாருங்க

காசு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. ஜப்பான்ல கதை முடிஞ்சுதா? இங்கிலீஷ்ல கடைசி வரை வந்துச்சா? இந்த ரெண்டுக்கும் பதில் வேற வேறயா இருக்கலாம், அந்த வலி எனக்குத் தெரியும்.

நோடாமே கான்டாபிலேன்னு ஒரு மங்கா, இசைக் கல்லூரியில நடக்குற கதை, நினோமியா டோமோகோ வரைஞ்சது, 2006ல ஜப்பான்ல வந்த சீரியல் அவ்வளவு அழகு. ஜப்பான்ல 23 வால்யூம், அப்புறம் ஓபரா கதைக்கு இன்னும் 2. இங்கிலீஷ்ல டெல் ரே மங்கான்னு ஒரு பதிப்பகம் போட ஆரம்பிச்சு நடுவுலேயே நின்னுடுச்சு, 2010ல அந்தப் பதிப்பகத்தோட வேலையை கோடான்ஷாவே எடுத்துக்கிச்சு, கோடான்ஷா பிற்பாடு டிஜிட்டல்ல போட்ட பிறகுதான் மிச்சக் கதை இங்கிலீஷ்ல வந்துச்சு. அதுக்கும் முன்னாடி டோக்கியோபாப்னு ஒரு கம்பெனி, இங்கிலீஷ் மங்காவுக்கே பெரிய வாசல் திறந்து விட்டவங்க. 2009ல கோடான்ஷா அவங்ககிட்ட இருந்த லைசென்ஸை எல்லாம் திருப்பி எடுத்துச்சு, 2011ல அமெரிக்கப் பதிப்பு வேலையே நின்னு போச்சு, பாதியில தொங்கின கதைகள் எத்தனையோ. அதனால பழைய புத்தகக் கடையில டோக்கியோபாப் வால்யூம் 1 மலிவா கிடைச்சா உடனே எடுத்துடாதீங்க, கடைசி வால்யூம் வெளியாச்சா, இல்ல வேற யாராவது திரும்ப லைசென்ஸ் எடுத்தாங்களான்னு தேடிட்டு எடுங்க.

இட்டாசுரா நா கிஸ் இன்னும் வேற மாதிரி. கொரியாவுல 2010ல ப்ளேஃபுல் கிஸ்ஸா வந்தது, தைவான், தாய்லாந்து எல்லாரும் எடுத்தது. அதை வரைஞ்ச டாடா காவோரு 1999ல இறந்துட்டாங்க, 23வது வால்யூமோட மங்கா முடியாம நிக்குது. நீங்க சீரியல்ல பாக்குற முடிவு ஒவ்வொண்ணும் அந்தந்த டீம் யோசிச்சது. 2008ல வந்த அனிமே மட்டும் அவங்க மனசுல வெச்சிருந்த முடிவை அவங்க வீட்டுக்காரர் சொல்லக் கேட்டு எடுத்தது. இங்கிலீஷ்ல டிஜிட்டல் மங்கா பதிப்பகம் 12 தடிப் புத்தகமா போட்டிருக்கு. கடைசிப் பக்கம் வந்ததும் அடுத்த பக்கம் இல்லைன்னு தெரிஞ்சே படிக்கணும், நான் படிச்சேன், படிச்சது நல்லதுதான்.

அஞ்சாவது: பக்கத்தைப் படிக்கிறது

புத்தகம் கைக்கு வந்துடுச்சு. நம்ம வழக்கத்துல இடது பக்கம் அட்டையைத் திறந்தா அதுதான் கடைசிப் பக்கம். ஜப்பான் மங்கா வலதுலேர்ந்து இடது. பக்கத்தோட மேல் வலது மூலைக் கட்டத்துல ஆரம்பிச்சு இடது பக்கம் நகர்ந்து, அப்புறம் கீழ வரிசை. கட்டத்துக்குள்ள பேச்சு பலூனும் வலதுலேர்ந்துதான். ரெண்டு பலூனை மாத்திப் படிச்சுட்டீங்கன்னா பதில் முன்னாடியும் கேள்வி பின்னாடியும் வரும், சண்டைக் காட்சியில யார் யாரைத் திட்டுறாங்கன்னே புரியாது. இருபது பக்கம் பொறுத்துக்கோங்க, அப்புறம் கண்ணு தானா போகும். முந்தி எல்லாம் இங்கிலீஷ்காரங்களுக்காக படத்தையே கண்ணாடியில பாக்குற மாதிரி புரட்டி அச்சடிச்சாங்க, வலது கைக்காரன் இடது கைக்காரன் ஆயிடுவான். 2002 வாக்குலதான் அசல் திசையிலேயே போடுறது வழக்கமாச்சு. கொரியன் காமிக்ஸான மன்ஹ்வா இடதுலேர்ந்து வலதுதான், நம்ம மாதிரி, போன்ல படிக்கிற வெப்டூன்னா மேலேர்ந்து கீழ, அதனால எந்த நாட்டுதுன்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

அடுத்து சத்தம். மங்காவுல படத்து மேலேயே பெருசா எழுத்து இருக்கும், அது சத்தம். இங்கிலீஷ் பதிப்புல அதைச் சில இடத்துல மாத்திருப்பாங்க, சில இடத்துல ஓரமா சின்னதா குறிப்பு போட்டிருப்பாங்க. இங்கதான் தமிழ் படிக்கிறவங்களுக்கு ஒரு வரம் இருக்கு. ஜப்பானிய மொழியில நெஞ்சு அடிச்சுக்கிறது "டோகி டோகி". இங்கிலீஷ்ல அதுக்கு நேரா ஒரு சொல் வெக்கத் திணறுவாங்க. நமக்கு "திக்திக்", "படபட"ன்னு கொட்டிக் கிடக்கு, இரட்டைக்கிளவின்னு ஒம்பதாம் கிளாஸ் இலக்கணத்துல மதிப்பெண்ணுக்காகப் படிச்சமே, அது இங்க உயிரோட வந்து நிக்கும். யாருமே பேசாம எல்லாரும் உறைஞ்சு நிக்கிற கட்டத்துல "ஷீன்"னு எழுதியிருக்கும், அது அமைதியோட சத்தம். நான் படிக்கிறப்போ இங்கிலீஷ்ல எழுதியிருக்கிறதை விட்டுட்டு மனசுக்குள்ள தமிழ்ச் சத்தத்தைப் போட்டுத்தான் படிப்பேன், நீங்களும் பண்ணிப் பாருங்க.

மூணாவது, கூப்பிடுற விதம். இதுலதான் இங்கிலீஷ் ரொம்பக் கஷ்டப்படும். நம்ம "டா"வுக்கும் "ங்க"வுக்கும் நடுவுல ஒரு கதையே இருக்கு, "வாங்க"ன்னவ "வாடா"ன்னா அடுத்த தெருவுக்கே விஷயம் தெரிஞ்சிடும். ஜப்பான்லயும் அதே. "சான்" மரியாதை, "குன்" பையன்களுக்கு, "ச்சான்" செல்லம், குடும்பப் பேரைச் சொன்னா தூரம், சொந்தப் பேரைச் சொன்னா நெருக்கம். டோம்யோஜி அவளை "மாகினோ"ன்னுதான் கூப்பிடுவான், அவளும் அவனை "டோம்யோஜி"ன்னுதான் கூப்பிடுவா, ரெண்டுமே குடும்பப் பேர், காதலிச்ச பிறகும் வாயில அதுதான் வரும். அதனால ஒருத்தர் திடீர்னு சொந்தப் பேரைச் சொன்னா அங்க நின்னு பாருங்க. சில சப்டைட்டில்ல வெளிநாட்டு ஆளுங்களுக்குக் குழப்பம் வேணாம்னு எல்லாத்தையும் சொந்தப் பேரா மாத்திடுவாங்க, அப்போ அந்த நுணுக்கம் செத்துப் போகும். காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு அவங்க வாயில என்ன வருதுன்னு கேளுங்க. டெல் ரே பதிப்புகள்ல இந்த விகுதியை எல்லாம் அப்படியே விட்டு, முன்னாடி ஒரு விளக்கமும் பின்னாடி மொழிபெயர்ப்புக் குறிப்பும் கொடுத்தாங்க, எனக்கு அந்த வழிதான் பிடிக்கும், படிக்கிறவங்களை நம்புற வழி அது.

டோம்யோஜிக்கு இன்னொரு குணம், பழமொழியைத் தப்புத் தப்பா சொல்லுவான். கோடீஸ்வரன், ஆனா மண்டையில பாடம் ஏறாது. அந்த மாதிரி இடத்துல இங்கிலீஷ்ல சிரிப்பு வரலைன்னா காமியோ யோகோ மேல கோவப்படாதீங்க, ஒரு மொழியில உடைஞ்ச பழமொழியை இன்னொரு மொழியில அதே மாதிரி உடைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல.

ஆறாவது: சீரியலுக்கு சப்டைட்டில் செட் பண்றது

ஓடிடியில இங்கிலீஷ் டப்பிங்கும் இருக்கிற சீரியல்னா சப்டைட்டில் பட்டியல்ல ரெண்டு இங்கிலீஷ் இருக்கும், ஒண்ணு சும்மா இங்கிலீஷ், இன்னொண்ணு சிசின்னு போட்டது. சிசி பெரும்பாலும் இங்கிலீஷ் டப்பிங்ல பேசுற வசனம், வாயசைவுக்காக வெட்டி ஒட்டினது. அசல் ஒலியை வெச்சுக்கிட்டு சிசி போடாத இங்கிலீஷை எடுங்க. ரக்குட்டன் விக்கியில சப்டைட்டிலை நெறைய இடத்துல ஆர்வலர்களே சேந்து எழுதுறாங்க, உணவுப் பேர், உறவுப் பேர் வர்ற இடத்துல குறிப்பும் போடுவாங்க, கத்துக்கிறதுக்கு அது ரொம்ப உதவும்.

ஓடிடியில இன்னிக்கு இருக்கிறது நாளைக்கு இருக்காது. டிராமாஃபீவர்னு ஒரு தளம், அமெரிக்காவுல கொரியன் சீரியலைப் பரப்பினதே அவங்கதான், 2018 அக்டோபர்ல ஒரே நாள்ல மூடிட்டாங்க, லிஸ்ட் போட்டு வெச்சவங்க லிஸ்ட்டோட போச்சு. நீங்க பாக்க வேண்டியதை எங்கேயாவது தனியா எழுதி வைங்க, ஆப்புக்குள்ள இருக்கிற லிஸ்ட்டை நம்பாதீங்க.

ஏழாவது: மூலம் நாவலா இருந்தா

எல்லாத்துக்கும் அடியில மங்கா இருக்கணும்னு இல்ல. தி அப்போதிகரி டைரீஸை எடுத்துக்கோங்க, அரண்மனையில வேலை பாக்குற மாவ்மாவ்ங்கிற மருந்துக்காரப் பொண்ணு கதை. அது 2011ல ஜப்பான்ல ஒரு இலவச நாவல் தளத்துல ஆரம்பிச்சுது, அப்புறம் லைட் நாவலா (நடுநடுவுல படம் போட்ட சின்ன நாவல்) அச்சுல வந்துச்சு, அப்புறம் மங்கா, அப்புறம் அனிமே. இதுல ஒரு பொறி, மங்காவே ரெண்டு இருக்கு! ஒரே கதையை நெகோகுராகே ஒரு பக்கம் வரையுறார், குராட்டா மினோஜி இன்னொரு பக்கம் வேற கம்பெனிக்கு வரையுறார். இங்கிலீஷ்ல அச்சுப் புத்தகமா நீங்க பாக்குறது ஸ்கொயர் எனிக்ஸ் போடுற நெகோகுராகேவோடது. நாவல் இங்கிலீஷ்ல ஜே-நாவல் கிளப்ல டிஜிட்டலா வருது, அச்சுல ஸ்கொயர் எனிக்ஸ் போடுது. வாங்கும்போது அட்டையில "நாவல்"னு இருக்கா, படம் யாரோடதுன்னு ரெண்டையும் பாருங்க. துப்பறியிற யோசனை முழுசா வேணும்னா நாவல், அரண்மனையைக் கண்ணால பாக்கணும்னா மங்கா.

சீன சீரியல் பாக்குறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். 2019ல வந்த தி அன்டேம்ட் 50 எபிசோட், அதோட மூலம் மோ ஷியாங் டோங் ஷ்யூ எழுதின இணைய நாவல். நாவல்ல கதாநாயகர்களான ரெண்டு ஆம்பளைங்களும் காதலர்கள், சீனத் தணிக்கைக்காக சீரியல்ல அதை நட்பா மாத்தினாங்க. பார்வையிலயும் புல்லாங்குழல்லயும் மறைச்சு வெச்சதை எல்லாம் நாவல் வாய்விட்டுச் சொல்லும். செவன் சீஸ் 2021 டிசம்பர்லேர்ந்து 5 வால்யூமா இங்கிலீஷ்ல போட்டிருக்காங்க, பின்பக்கம் பேர்ப்பட்டியல், உறவுமுறை, உச்சரிப்புன்னு எல்லாம் இருக்கு, படிக்கிறப்போ அந்தப் பக்கத்துல ஒரு நூல் வெச்சுக்கோங்க.

ரசிகர்களே மொழிபெயர்த்துப் போடுற ஸ்கேன்லேஷன் பத்தியும் சொல்லணும். லைசென்ஸ் இல்லாத காலத்துல பல கதைகளை உலகத்துக்குக் காட்டினது அவங்கதான், அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனா லைசென்ஸ் வந்த கதைக்கு காசு கொடுத்துப் படிங்க, ஏன்னா விக்காத கதைதான் பாதியில நிக்குது, மேல பாத்தீங்கல்ல. காசு இல்லையா, ஷூயேஷாவோட மங்கா ப்ளஸ் ஆப்ல நெறைய கதைக்கு முதல் சில அத்தியாயமும் கடைசி சில அத்தியாயமும் இலவசம், நம்ம ஊர்லயும் வேலை செய்யும். ஷோனென் ஜம்ப் ஆப்பும் இந்தியாவுல இருக்கு, மாசச் சந்தா கட்டிப் படிக்கலாம்.

இப்போ ஆரம்பிங்க

நான் சொல்ற வரிசை இதுதான். கொரியன் சீரியல் ஏற்கனவே மனசுல இருக்கு, அதைத் திரும்பப் பாக்க வேணாம். மங்கா வால்யூம் 1, 2 படிங்க. படம் பழசா இருக்கும், 90கள் தலைமுடி, முகத்துல பாதி கண்ணு, முதல் வால்யூம்ல காமியோ யோகோவோட கை இன்னும் படியல, பத்தாவது வால்யூம்ல பாருங்க எப்படி மாறியிருக்குன்னு. அப்புறம் ஜப்பான் 2005 முதல் சீசன், 9 எபிசோட்தான், இனோவே மாவோ அந்தப் பொண்ணா வாழ்ந்திருப்பாங்க. அப்புறம் தைவான் 2001, ஷூ ஷி-யுவான் நடிச்சது, 2025 பிப்ரவரியில அவங்க இறந்தப்போ ஆசியா முழுக்க அழுதாங்க, அந்தச் சீரியலைப் பாத்தா ஏன்னு புரியும். தாய்லாந்து வடிவத்தைக் கடைசியா வைங்க, பள்ளிக்கூடத்துல ஒருத்தரை ஊரே சேந்து சீண்டுறதை இருக்கிறதுலேயே நேரா பாத்தது அதுதான். சீனா 2018 அந்த இடத்துல ரொம்ப மென்மையா போயிடும், நேரம் இருந்தா பாருங்க.

எல்லாத்துலயும் ஒரே காட்சியை மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எஃப்4 யாரையாவது குறி வெச்சா சிவப்பு அட்டை ஒட்டுவாங்க, அதை ஒட்டின பிறகு மொத்தப் பள்ளிக்கூடமும் கதாநாயகி மேல பாயும், ஒருகட்டத்துக்கு மேல பொறுக்க முடியாம அவ நேரா எஃப்4 முன்னாடி போய் நின்னு டோம்யோஜியைத் திருப்பி அடிப்பா. சீரியல்ல அது இசையோட ஸ்லோ மோஷன்ல வரும். மங்காவுல இசையே கிடையாது, நீங்க பக்கத்தைப் புரட்டுற அந்தக் கை அசைவுலதான் அடி விழும், இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கம் புரட்டுவீங்க, புரட்டினதும் அவ நிக்கிறா, அவன் கீழ கிடக்கிறான், சுத்தி நிக்கிற அத்தனை பேர் வாயும் திறந்திருக்கு.